குளிரவைத்தும் குழைந்த பிளம்ஸ்

கடிதம் எழுதியவர் தன் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பழனி மலையின் மேல்பகுதியில் இரண்டரை ஏக்கரில் பிளம்ஸும் பேரியும் வைத்திருக்கிறார். பிறந்த வீட்டுப் பங்காகக் கீழ்மலையில், பண்ணைக்காடு பக்கம், காப்பிச் செடிகளுக்கு நடுவே இருபது வெண்ணெய்ப்பழ (அவகாடோ) மரங்கள். கணவர் இறந்த பிறகு நான்கு ஆண்டுகளாகத் தோட்டத்தைத் தனியாகவே பார்த்துவருகிறார்.

இந்த ஆண்டு ஜூன் முதல் வாரத்தில் பிளம்ஸ் விலை சரிந்தது. 42 பெட்டிகளை விற்க மனமில்லாமல், கேரட்டும் முட்டைக்கோசும் வைக்கும் ஒரு குளிர் அறையில் வாடகைக்கு வைத்தார். அறையில் 4 டிகிரி என்று காட்டியதாம். 22 நாள் கழித்து எடுத்தபோது பழம் கெட்டியாக, நிறம் குன்றாமல் இருந்தது. மண்டிக்குப் போன இரண்டாம் நாளே உள்ளே பழுப்பேறி, சாறு வற்றி, மாவு போலக் குழைந்துவிட்டது. வியாபாரி பாதிக்குமேல் கழிவு என்று கழித்துவிட்டார். ‘இரவில் கரண்டை மிச்சம் பிடிக்கக் குளிர் அறைக்காரர் மெஷினை அணைத்திருக்கிறார். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகட்டுமா?’ என்பது முதல் கேள்வி.

அதோடு இன்னும் நான்கு கேள்விகள். உரக்கடைக்காரர் கால்சியம் போட்டால் பழம் இறுகும் என்கிறார், கொழுந்தனாரோ கால்சியம் கல் வைத்தால் பழுக்கும் என்கிறார், எது உண்மை? பேரி வைத்திருக்கும் கொட்டகையில் பெர்மாங்கனேட் பொட்டலங்களைத் தொங்கவிட்டும் ஏன் பலன் இல்லை? கல்லூரியில் படிக்கும் மகன், தக்காளியை 45 நாள் கெட்டியாக வைத்திருக்கும் இந்தியக் கண்டுபிடிப்பு என்று ஒரு செய்தி அனுப்பினான்; அந்த மருந்து எங்கே கிடைக்கும்? கடைசியாக, ஹோட்டல்காரர்கள் வெண்ணெய்ப்பழத்தைக் கேட்ட நாளில் பழுத்த பதத்தில் கேட்கிறார்கள், என்ன செய்வது?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதியது: ‘வீட்டில் ஜாம் காய்ச்சும்போது நன்றாகப் பழுத்ததை மட்டும் போட்டால் உறைவதில்லை, நாலு செங்காயையும் சேர்த்தால்தான் உறைகிறது.’ நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் விடை அந்த வரியில் இருக்கிறது. ஜாமை உறைய வைப்பது பெக்டின் என்ற பொருள். பழத்தின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைப்பதும் அதே பெக்டின்தான். காய் பழமாகும்போது பழத்திலுள்ள நொதிகள் அந்தப் பெக்டினை நறுக்கிக் கரைக்கின்றன. ஒட்டு விடுகிறது, பழம் தளர்கிறது. செங்காயில் பெக்டின் முழுசாக இருப்பதால் ஜாம் உறைகிறது; அளிந்த பழத்தில் அது துண்டு துண்டாகிவிட்டதால் எவ்வளவு கிளறினாலும் ஓடுகிறது. பழத்தைச் சேமித்து வைப்பது என்றால் அந்த நொதிகளின் வேலையை மெதுவாக்குவது. நிறுத்துவது அல்ல. நிறுத்திவிட்டால் அது பழமாகவே ஆகாது. உங்கள் பிளம்ஸுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய அதுதான்.

குளிர் அறைக்காரர் மீது புகார் கொடுக்கும் முன்

அவர் மெஷினை அணைத்திருக்கலாம், அணைக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் வேறு கதை சொல்கின்றன. அறை இரவில் சூடாகியிருந்தால் பழம் அறைக்குள்ளேயே பழுத்து, தளர்ந்து, சில பெட்டிகளில் பூசணமும் பிடித்திருக்கும். உங்கள் பழம் வெளியே வரும்போது கெட்டியாக இருந்தது. வெளியே வந்த பிறகுதான் உள்ளே பழுப்பும் மாவுத்தன்மையும் வந்தன. இது குளிர் போதாத பழம் அல்ல, தப்பான குளிரில் இருந்த பழம்.

பிளம்ஸ், பீச் போன்ற கொட்டைப் பழங்களுக்கு ஒரு விசித்திரம் உண்டு. 0 டிகிரியை ஒட்டி வைத்தால் அவை நன்றாக இருக்கும். ஏறக்குறைய 2 முதல் 8 டிகிரிக்குள் இரண்டு மூன்று வாரம் வைத்தால் பாழாகும். 0 டிகிரியைவிட 5 டிகிரி மோசம் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள்; ஆனால் பழ வணிகத்தில் இந்த இடைவெளிக்குக் ‘கொல்லும் மண்டலம்’ என்றே பெயர். இந்த இடைக்குளிரில் பெக்டினைக் கரைக்கும் நொதிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் அரைகுறையாக வேலை செய்கின்றன. பாதி நறுக்கப்பட்ட பெக்டின், பழத்தின் சாற்றை உறிஞ்சிக் கட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. சாறு பழத்துக்குள்தான் இருக்கிறது, ஆனால் நாக்குக்கு வருவதில்லை. அதனால்தான் கடித்தால் மாவு. பழம் குளிரில் இருக்கும்வரை இது வெளியே தெரியாது. சூட்டுக்கு வந்து பழுக்கத் தொடங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். வியாபாரிக்கு இரண்டாம் நாள் தெரிந்தது அதனால்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நானும் ஒரு கூடை பீச் பழத்தை ஆய்வகத்துக் குளிர்ப்பெட்டியில் மூன்று வாரம் பத்திரமாக வைத்து, பிறகு மேலதிகாரிக்குத் தட்டில் அடுக்கிக் கொடுத்தேன். அவர் ஒரு துண்டு கடித்துவிட்டு, ‘இதை வைத்துப் பணியாரம் சுடலாமே’ என்றார். வீட்டுக் குளிர்ப்பெட்டி பெரும்பாலும் 4, 5 டிகிரியில்தான் ஓடுகிறது. பிளம்ஸுக்கு அது இரண்டு மூன்று நாள் தங்கும் சத்திரம். குடியிருக்கும் வீடு அல்ல.

கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் 4 டிகிரி பெரிய கேடு செய்யாது. அவர் தன் அறையைத் தன் சரக்குக்கு ஏற்றபடி வைத்திருந்தார். நீங்கள் அதில் பிளம்ஸைக் கொண்டுபோய் வைத்தீர்கள். அவருக்கும் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. பிறர் பொருளை ஒப்படைப்பாகப் பெற்றவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் காப்பதுபோல அதைக் காக்க வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 151-ஆம் பிரிவில். பேசிய வெப்பநிலையை அவர் காக்காமல் விட்டிருந்தால் உங்கள் பக்கம் வலு இருக்கும். பேசியதே 4 டிகிரி, அவர் கொடுத்ததும் 4 டிகிரி என்றால் வழக்கு நிற்பது கடினம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காகப் பெறும் சேவையை விலக்குகிறது. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு விதிவிலக்கு உண்டு. குளிர் அறை போன்ற சேவைக்கும் அது பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். கதவு திறந்திருந்தாலும் நுழைந்தே ஆக வேண்டும் என்பதில்லை. முதலில் அவரிடம் அந்த 22 நாள் வெப்பநிலைக் குறிப்பேட்டைக் கேளுங்கள். மின் கட்டண விவரத்தையும் காட்டுவார் என்றால் பாருங்கள். அறை 4 டிகிரியிலேயே இருந்தது என்று தெரிந்தால், மலையில் உங்களுக்கு நாளை தேவைப்படப்போகிற ஒரு மனிதரோடு பகை வேண்டாம். அடுத்த முறை ரசீதில் பெட்டி எண்ணிக்கை, தேதி, நீங்கள் கேட்ட வெப்பநிலை மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

இன்னொரு விஷயம், இது அவருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது. பிளம்ஸும் பேரியும் எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. அந்த வாயு பட்ட கேரட் கசக்கும். அந்த 22 நாளில் பூம்பாறை விவசாயி யாராவது ‘என் கேரட் ஏன் கசக்கிறது’ என்று அவரிடம் சண்டை போட்டிருந்தால், அதற்குக் காரணம் உங்கள் 42 பெட்டிகளாக இருக்கலாம்.

எத்திலீன் என்ற ஊதுகுழல்

பழம் பழுப்பதற்கு உத்தரவு கொடுப்பதே இந்த வாயுதான். வாசனையால் நமக்குத் தெரியாத அளவிலேயே வேலை செய்யும். 1934-இல் ரிச்சர்ட் கேன் என்ற ஆங்கிலேயர், பழுக்கும் பழங்களே எத்திலீனை உண்டாக்குகின்றன என்று காட்டினார். நம் பாட்டிமார்களுக்குப் பெயர் தெரியாதே தவிர வேலை தெரியும். அரிசிப் பானைக்குள் மாங்காயைப் புதைத்ததும், வாழைத்தாரை மூட்டம் போட்டதும் இந்த வாயுவை அடைத்துவைக்கும் வித்தைகளே. ‘தானாகக் கனியாததைத் தடியால் அடித்துக் கனிய வைக்க முடியுமா’ என்பார்கள். எத்திலீனைப் பொறுத்தவரை முடியும். அடிபட்டுக் கன்றிய பழம் அதிக எத்திலீனை விடும், முந்திப் பழுக்கும், பக்கத்தில் இருப்பவற்றையும் பழுக்க வைக்கும்.

பேரிக் கொட்டகையில் நீங்கள் தொங்கவிட்ட பொட்டலங்களுக்கு வருகிறேன். பொட்டாசியம் பெர்மாங்கனேட் எத்திலீனைப் பிடித்து அழிப்பது உண்மை. ஊதா நிறம் பழுப்பாக மாறினால் அதன் சக்தி தீர்ந்தது என்று பொருள். ஆனால் மூடிய பெட்டியிலோ மூடிய அறையிலோதான் அது உதவும். இரண்டு பக்கமும் கம்பிவலை அடித்து, மலைக்காற்று ஓடும் உங்கள் கொட்டகையில் காற்றே எத்திலீனைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. பொட்டலத்துக்கு அங்கே வேலை இல்லை. நீங்கள் ஏமாறவில்லை, நல்ல மருந்தைத் தேவையில்லாத இடத்தில் போட்டீர்கள். பாலித்தீன் உறை விரித்த அட்டைப்பெட்டியில் பேரியை அனுப்பும்போது அதைப் பயன்படுத்துங்கள். பழத்தின் மேல் படாதபடி துணிப்பையில் கட்டி வையுங்கள், கறை போகாது. எண்ணெயும் கிளிசரினும் அதன் அருகே வேண்டாம், தீப்பற்றும்.

அதே கொட்டகையில் ஒரு மூலையில் பேஷன் பழமும் கொட்டி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை வெளியேற்றுங்கள். நம் மலைப் பழங்களில் எத்திலீனை மிக அதிகமாக விடுவது அதுதான். பொட்டலம் வாங்கிய காசுக்குக் கூலி கொடுத்து அந்தக் குவியலை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தால் பலன் இரட்டிப்பாகியிருக்கும்.

இப்போது கடைகளில் பேசப்படும் 1-எம்.சி.பி என்ற வாயுவைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது. எத்திலீன் போய் உட்கார வேண்டிய இடத்தில் இது முந்திப்போய் உட்கார்ந்துகொள்ளும்; எத்திலீனின் உத்தரவு பழத்தின் காதில் விழாது. உலகெங்கும் ஆப்பிளில் நன்றாக வேலை செய்கிறது. பேரியில் அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் பழம் பழுக்கவே பழுக்காமல் கட்டையாக நின்றுவிடும். வெண்ணெய்ப்பழத்தில் ஒரு பக்கம் பழுத்து மறுபக்கம் கல்லாக இருக்கும். காற்றுப் புகாத அறையில், அளந்து, பல மணி நேரம் அடைத்துவைத்துச் செய்யும் வேலை அது. உங்கள் அளவுக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து.

இரண்டு கால்சியம்

உரக்கடைக்காரரும் கொழுந்தனாரும் இருவருமே ஒரு விதத்தில் சரி. இரண்டு வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகிறார்கள். பெயரின் முதல் பாதி ஒன்று, அவ்வளவுதான்.

கடைக்காரர் சொல்வது கால்சியம் குளோரைடு. பெக்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குவது கால்சியம்தான். அது போதுமான அளவு இருக்கும் பழம் மெதுவாகத் தளரும். காய்ப் பருவத்தில் அரை சதவீதக் கரைசலாகப் பேரியின் மேல் சில முறை தெளிப்பது நல்ல பழக்கம். முதலில் ஒரே கிளையில் தெளித்து, நாலைந்து நாளில் இலை கருகுகிறதா என்று பாருங்கள். பறித்த பிறகு ஒன்று அல்லது இரண்டு சதவீதக் கரைசலில் சில நிமிடம் முக்குவதும் உண்டு. அதற்கு உணவுத் தரச் சரக்கு வேண்டும். பிளம்ஸுக்கு முக்குவதை நான் சொல்லமாட்டேன். அதன் தோலில் இருக்கும் வெள்ளைப் படலம் கழுவிப்போகும், வியாபாரி அந்தப் படலத்தைப் பார்த்துத்தான் ‘புதுச் சரக்கு’ என்கிறார். அதோடு, மூட்டமும் மழையுமாக இருக்கும் நாட்களில் நனைத்த பழத்தை எங்கே வைத்து உலர்த்துவீர்கள்? ஈரத்தோடு பெட்டியில் அடைத்தால் கால்சியம் கொடுத்த நன்மையைப் பூசணம் தின்றுவிடும்.

கொழுந்தனார் சொல்வது கால்சியம் கார்பைடு, கார்பைடு கல். ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும். அது எத்திலீனைப் போல நடித்துப் பழத்தின் தோலை நிறம் மாற்றும். அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்புகள் இருக்கும். உணவுப் பாதுகாப்பு விற்பனைத் தடை விதிமுறைகள் 2011 இதை வைத்துப் பழுக்கவைத்த பழத்தின் விற்பனையையே தடை செய்கிறது. ‘எல்லோரும்தான் வைக்கிறார்கள்’ என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதிகாரி வந்து பெட்டியைத் திறக்கும்போது எல்லோரும் உங்களோடு நிற்கமாட்டார்கள். கொழுந்தனாரின் மனம் நோகாமல், ஆனால் உறுதியாக, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாயுவை வைத்துப் பழுக்கவைக்கத்தான் வேண்டும் என்றால் எத்திலீனுக்கு அனுமதி இருக்கிறது, 100 பி.பி.எம். வரை, அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு வரை. உங்கள் இருபது மரத்துக்கு அதுவும் தேவையில்லை, கீழே சொல்கிறேன்.

மெழுகு பூசுவதைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். தேன்மெழுகு, கார்னோபா மெழுகு, அரக்கு மெழுகு ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. மெழுகு பூசியது என்று பெட்டியில் எழுத வேண்டும். கனிம எண்ணெய் மெழுகுக்கு அனுமதி இல்லை.

மகன் அனுப்பிய தக்காளிச் செய்தி

மகன் சரியான செய்தியைத்தான் அனுப்பியிருக்கிறான், ஆனால் அது மருந்து அல்ல. புதுடெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபணுத்தொகை ஆராய்ச்சி நிறுவனத்தில் 2010-இல் நடந்த வேலை அது. பழச்சுவரிலுள்ள சர்க்கரை சேர்ந்த புரதங்களை உடைக்கும் இரண்டு நொதிகளின் மரபணுக்களை அடக்கி, வழக்கத்தைவிட ஏறக்குறைய 30 நாள் கூடுதலாகக் கெட்டியாக இருக்கும் தக்காளியை உருவாக்கினார்கள். தெளிக்கவோ முக்கவோ அதில் எதுவும் இல்லை. செடியின் மரபிலேயே செய்த மாற்றம். அப்படிப்பட்ட தக்காளியைப் பயிரிட நம் நாட்டில் அனுமதி இல்லை.

அமெரிக்காவில் 1994-இலேயே ஒரு மரபணு மாற்றத் தக்காளி கடைக்கு வந்தது. பெக்டினை நறுக்கும் முக்கிய நொதியான பாலிகாலக்டுரோனேஸை அடக்கிவிட்டால் பழம் தளராது என்று எதிர்பார்த்தார்கள். நினைத்த அளவு நடக்கவில்லை. பழம் தளரத்தான் செய்தது. நொதிகள் கூட்டமாக வேலை செய்கின்றன. ஒருவருக்கு விடுப்பு கொடுத்தால் மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மகனிடம் இதைச் சொல்லுங்கள், ஆர்வமுள்ள பிள்ளை போலிருக்கிறது. விடுமுறைக்கு வரும்போது கொட்டகையில் வெப்பமானி வைத்துக் காலை, மதியம், இரவு எழுதிவைக்கச் சொல்லுங்கள். தக்காளி ஆராய்ச்சியைவிட அந்த நோட்டு உங்கள் தோட்டத்துக்கு உடனே பயன்படும்.

பறித்த முதல் சில மணி நேரம்

என் அனுபவத்தில் மலைப் பழம் பெரும்பாலும் குளிர் அறையில் கெடுவதில்லை. மரத்துக்கும் லாரிக்கும் நடுவில் கெடுகிறது.

வெப்பம் 10 டிகிரி ஏறினால் பழத்தின் மூச்சு இரண்டு மூன்று மடங்கு ஆகும். உங்கள் கொட்டகையில் 15 டிகிரி, மதுரையில் பகலில் 35 டிகிரி. இருபது டிகிரி வித்தியாசம் என்றால் குறைந்தது நான்கு மடங்கு வேகம். மண்டி வாசலில் ஒரு பகல் கிடக்கும் பழம், மலையில் நான்கு நாள் கிடந்த பழத்துக்குச் சமமாக வயதாகிவிடும். காய்கறிக்காரர்கள் ஏன் இருட்டிய பிறகு லாரி ஏற்றி, விடியும் முன் வத்தலக்குண்டைத் தாண்டுகிறார்கள் என்று இப்போது புரியும். பழத்தையும் அப்படியே அனுப்புங்கள்.

பனி உலர்ந்த பிறகு பறிக்கத் தொடங்கி, வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். பறித்த பெட்டி மரத்தடி நிழலில்கூட மதியம்வரை கிடக்கக் கூடாது. நிழல் நகரும், பெட்டி நகராது. கொட்டகையின் பலகைக் கதவுகளை இரவில் முழுக்கத் திறந்து, காலை எட்டு மணிக்குள் மூடிவிடுங்கள். கொடைக்கானல் உயரத்தில் இரவு பெரும்பாலும் 10 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. மின்சாரமே இல்லாத குளிர் அது, பணம் கொடுத்து வாங்க முடியாதது. தரையை ஈரமாக வையுங்கள், பழத்தை அல்ல. பழம் தளர்வதில் இரண்டு வகை உண்டு: பெக்டின் கரைந்து தளர்வது ஒன்று, நீர் வற்றிச் சுருங்குவது மற்றொன்று. இரண்டாவதைக் காற்றிலுள்ள ஈரம் தடுக்கும். 90 சதவீத ஈரம் வரை பழத்துக்கு நல்லது.

செங்கல் சுவருக்கு நடுவே மணலை நிரப்பி நனைக்கும் குளிர் பெட்டகத்தை உங்களுக்கு யாரோ கட்டித்தரச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் அருமையான வடிவமைப்பு, நீர் ஆவியாவதால் குளிர்கிறது. காற்று வறண்ட ஊருக்கு ஏற்றது. மூட்டம் மூடிய ஜூலையில் உங்கள் மலையில் எங்கே ஆவியாகப்போகிறது? பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பெட்டி விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே சொல்வேன். கூடையை விடுங்கள். ஆழம் குறைந்த பிளாஸ்டிக் பெட்டி, அடியில் காகிதம், பழம் மூன்று அடுக்குக்கு மேல் போகக் கூடாது. மலைச்சாலையின் ஒவ்வொரு வளைவிலும் அடியடுக்குப் பழம் மேலே இருக்கும் எல்லாவற்றின் எடையையும் தாங்குகிறது. அடிபட்ட பழம் என்ன செய்யும் என்று மேலே சொன்னேன்.

அடுத்த ஆண்டு பிளம்ஸ் விலை மறுபடி சரிந்தால் உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. 0 டிகிரியில் தனியாகப் பழத்துக்கு மட்டும் அறை கொடுப்பவர் இருந்தால் மூன்று வாரம் தாங்கும். அங்கிருந்து எடுத்தவுடன் பழம் வியர்க்கும், எனவே பெட்டிகளைத் தார்ப்பாயால் மூடி, சூடு பிடிக்கும்வரை திறக்காதீர்கள். அப்படி அறை இல்லை என்றால் 4 டிகிரி அறையில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மூன்றாவது, கைக்கு வந்த விலைக்கு விற்றுவிட்டு, சிறுத்ததையும் செங்காயையும் ஜாமுக்கு எடுத்துக்கொள்வது. வாடகை, கழிவு எல்லாம் கழித்துக் கணக்குப் போட்டால் இந்த மூன்றாவது வழிதான் பல ஆண்டுகளில் வெல்லும் என்று நினைக்கிறேன். ஜாமை வெளியே விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பேரியை மரத்தில் விடாதீர்கள், வெண்ணெய்ப்பழத்தை விடுங்கள்

பேரி உள்ளிருந்து வெளியே பழுக்கும். மரத்திலேயே விட்டால் வெளியே காய் போலத் தெரியும்போதே நடுப்பகுதி பழுப்பேறி அளிந்துவிடும். கெட்டியாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். காயைக் கையில் ஏந்தி மெல்லக் கிடைமட்டமாகத் தூக்குங்கள்; காம்பு சுலபமாக விட்டுக்கொடுத்தால் தயார். இழுத்துப் பிடுங்க வேண்டியிருந்தால் இன்னும் சில நாள் போகட்டும், இல்லையேல் வெம்பும்.

வெண்ணெய்ப்பழம் இதற்கு நேரெதிர். அது மரத்தில் இருக்கும்வரை பழுக்காது. பறித்தால்தான் பழுக்கத் தொடங்கும். அதனால் உங்கள் இருபது மரங்களும் இருபது கிடங்குகள், வாடகை இல்லாதவை. ஒரே நாளில் உலுக்கி மூட்டை கட்டாதீர்கள். ஹோட்டல்காரரின் வாரத் தேவை எவ்வளவோ அவ்வளவை மட்டும் பறியுங்கள். ஆபத்து இல்லாமல் இல்லை. குரங்கும் மலை அணிலும் காத்திருக்காது, காற்றில் உதிரும், மிக முற்றினால் எண்ணெய்ச் சுவை கெடும். எனவே மாதக்கணக்கில் அல்ல, சில வாரங்களுக்கு இழுத்துப்பிடிக்கலாம்.

முற்றிவிட்டதா என்று அறிய ஒவ்வொரு மரத்திலும் இரண்டு காய் பறித்து வீட்டில் வையுங்கள். எட்டுப் பத்து நாளில் தோல் சுருங்காமல் சீராக இளகினால் அந்த மரம் தயார். சுருங்கி ரப்பர் போல ஆனால் பிஞ்சு. ஒன்றை வெட்டியும் பாருங்கள்: கொட்டையின் தோல் தடித்து வெளுத்திருந்தால் இளசு, மெலிந்து பழுப்பாகிக் காகிதம் போல ஒட்டியிருந்தால் முற்றல். பறிக்கும்போது கத்தரியால் சிறு காம்பு விட்டு வெட்டுங்கள். காம்பு பிடுங்கிய குழியில்தான் அழுகல் நுழைகிறது.

கெட்டிக் காயைக் குளிர் அறையில் வைப்பதானால் உங்கள் நாட்டு வகைகளுக்கு 10 டிகிரிக்குக் கீழே போக வேண்டாம். அதற்குக் கீழே போனால், குளிர்ப்பெட்டியில் வைத்த வாழைப்பழம் கறுப்பதுபோல, இதன் சதையில் கறுப்பு நரம்புகள் ஓடும். பழுத்து இளகியதை மட்டும் சில நாள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம்.

ஹோட்டலுக்குக் கேட்ட நாளில் கொடுப்பது எளிது. அட்டைப்பெட்டியில் காய்களை அடுக்கி, நடுவில் நாலைந்து பழுத்த மலைவாழைப்பழமோ, கொட்டகையிலிருந்து வெளியேற்றிய அந்தப் பேஷன் பழமோ வைத்து மூடுங்கள். தினமும் ஒரு முறை திறந்து காற்றாட விடுங்கள். 20 டிகிரியை ஒட்டிய இடம் உத்தமம். 30 டிகிரிக்குப் போனால் பழம் சீராகப் பழுக்காது, வாடையும் மாறும். உங்கள் பண்ணைக்காட்டு வீட்டில் எத்தனை நாளில் இளகுகிறது என்று மூன்று பெட்டிகளில் சோதித்து எழுதிவைத்துக்கொண்டால், பிறகு ஹோட்டல்காரரிடம் நாளைச் சொல்லி விலை பேசலாம். கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும் வாடிக்கையாளரிடம் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: அழுத்திய பழம் அவருடையது.

வெண்ணெய்ப்பழத்துக்குக் கீழ்மலையிலேயே, தடியன்குடிசையில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வெளிவந்த டி.கே.டி. 1 என்ற வகையும் உண்டு. பேரிக்கும் பிளம்ஸுக்கும் கொடைக்கானல் நிலையம். ஒரு பெட்டிப் பழத்தோடு நேரில் போங்கள். வெட்டிப் பார்த்துச் சொல்வதற்கு ஈடாக எந்தக் கடிதமும் வராது.

குளிர் அறைக்காரரின் குறிப்பேட்டில் 22 நாளில் ஏதாவது ஓர் இரவு 4 டிகிரிக்கு வெகுமேலே போயிருந்தால், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அப்போது முதல் கேள்விக்கு வேறு பதில் எழுதுகிறேன்.